நாளைய மெய்நிகர்க் கருவியும் கல்லமேட்டு எலும்பும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

முன்னுரை

சென்ற ஆண்டு அயலூர்க் கல்லூரி ஒன்றில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சிக்கு நம் துறை மாணவர்கள் சிலர் சென்றிருந்தோம். அங்கே ஓர் அறையின் வாயிலில் நீண்ட வரிசை. ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, தலையில் ஒரு கருவியை மாட்டி, இரண்டு நிமிடம் கடலுக்கடியில் உலவ விட்டார்கள். என் முறை வந்தது. மூக்குக் கண்ணாடியின் மேல் அக்கருவி அழுந்தியது. பவளப் பாறைகளும் மீன்களும் என்னைச் சூழ்ந்தன. தலையைத் திருப்பினால் அத்திசையிலும் கடலே தெரிந்தது. ஆனால் உற்றுப் பார்த்தபோது மீனின் உடலில் கொசுவலை போர்த்தியது போலப் புள்ளிகள் தெரிந்தன. கழற்றியபோது மூக்கின் மேல் சிவந்த தடமும் தலையில் சிறு கிறுகிறுப்பும் எஞ்சின.

பேருந்தில் திரும்பி வரும்போது இரண்டு வினாக்கள் எழுந்தன. முதலாவது, இக்கருவி இன்னும் பத்தாண்டுகளில் எவ்வாறு மாறும் என்பது. இரண்டாவது, அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் வாழும் நமக்கு அதனால் ஆவது என்ன என்பது. நம் காலடி நிலமே ஒரு காலத்தில் கடலாக இருந்ததன்றோ! அந்தக் கடலை விட்டுவிட்டு எங்கோ உள்ள கடலைப் பார்க்க வரிசையில் நின்றோமே என்று தோன்றியது. இவ்விரு வினாக்களுக்கும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கண்கள், இரு படங்கள்

மெய்நிகர் என்பது மெய்யைப் போன்றே தோற்றமளிப்பது என்று பொருள்படும். கடைகளில் வி.ஆர். ஹெட்செட் என்று வழங்கும் கருவியின் அடிப்படை மிக எளியது. கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்திப் பிடித்து, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரின் மேல் விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். நம் கண்கள் இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட படத்தைக் காண்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தை உணர்கிறது.

இதனை ஆய்ந்து விளக்கியவர் சார்லசு வீட்சுடன் என்னும் ஆங்கிலேய இயற்பியலறிஞர். மின்தடையை அளக்க நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் வீட்சுடன் சமனச்சுற்றுக்குப் பெயர் தந்தவரும் இவரே. 1838ஆம் ஆண்டில், இரு கண்ணாடிகளின் வழியே இரு படங்களைத் தனித்தனியே இரு கண்களுக்கும் காட்டும் கருவியை அவர் விவரித்தார். தட்டையான இரு தாள்களில் வரைந்த உருவம் திரண்ட பொருளாய் முன்னே நின்றது. இன்றைய கருவிகள் அனைத்தும் அந்த 1838ஆம் ஆண்டுக் கருவியின் பேரப்பிள்ளைகளே எனலாம்.

தமிழ்நாட்டு மக்களுக்கும் இவ்வித்தை புதிதன்று. 1984இல் கேரளத்தில் எடுக்கப்பட்ட ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். அடுத்த ஆண்டே தமிழில் ‘அன்னை பூமி’ வந்தது. அரங்கத்தில் கொடுத்த கண்ணாடியை அணிந்துகொண்டு, திரையிலிருந்து தம்மை நோக்கி வந்த பொருளைக் கைநீட்டிப் பிடிக்க முயன்ற கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அங்கே பயன்பட்டது ஒளியின் தளவிளைவு. ஒரு கண்ணுக்குரிய படம் ஒரு தளத்திலும், மறு கண்ணுக்குரிய படம் அதற்குச் செங்குத்தான தளத்திலும் அதிரும் ஒளியால் திரையில் வீழ்த்தப்படும். கண்ணாடி அவற்றைப் பிரித்துக் கொடுக்கும்.

ஆயினும் திரையரங்கில் தலையைத் திருப்பினால் தெரிவது பக்கத்து இருக்கைக்காரரே. தலை திரும்பும்போது காட்சியும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதே மெய்நிகர்க் கருவியின் தனிச்சிறப்பு. இதனை முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஐவன் சதர்லாந்து. 1968இல் அவர் அமைத்த கருவி மிகவும் கனமானதாகையால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. அது காட்டியதோ வெறும் கோட்டுருவங்களே.

அதன் பின் நெடுங்காலம் இக்கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து நிலைக்கவில்லை. அதனை வெளியே கொணர்ந்தது கைபேசி. கைபேசிக்காகச் சிறிய, தெளிவான திரைகளும், அசைவை அளக்கும் உணர்விகளும் கோடிக்கணக்கில் செய்யப்பட்டபோது அவற்றின் விலை வீழ்ந்தது. 2012இல் ஆக்குலசு நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய முயற்சியை 2014இல் பேசுபுக் நிறுவனம் 200 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2014இல் கூகுள் நிறுவனம் அட்டைப் பெட்டியில் இரு வில்லைகளைப் பொருத்தி, கைபேசியையே திரையாக்கிக் காட்டியது. 2016 முதல் இக்கருவிகள் கடைக்கு வந்தன.

படப்புள்ளிக் கணக்கு

இனி வருங்காலத்தைப் பார்ப்போம். வருங்காலத்தை ஊகிப்பதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. வந்த வழியை அளந்தால் போதும். ‘குவெசுட்’ என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்த மூன்று கருவிகளை எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த முதற்கருவியில் ஒரு கண்ணுக்கு 1440 × 1600 படப்புள்ளிகள். அதாவது சுமார் 23 இலட்சம். 2020இல் வந்த இரண்டாவதில் 1832 × 1920. சுமார் 35 இலட்சம். 2023இல் வந்த மூன்றாவதில் 2064 × 2208, சுமார் 45.6 இலட்சம். ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளில் படப்புள்ளிகள் இரு மடங்காயின.

எத்தனை இருந்தால் போதும்? நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியிலுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். எனவே ஒரு பாகைக்கு 60 புள்ளிகள் இருந்தால் கொசுவலை மறைந்துவிடும். காட்சிப் பரப்பு 100 பாகை அகலமும் 100 பாகை உயரமும் எனக் கொண்டால், 6000 × 6000, அதாவது ஒரு கண்ணுக்கு 3.6 கோடி புள்ளிகள் தேவை. 45.6 இலட்சத்தை மூன்று முறை இரட்டித்தால் இவ்வெண் கிட்டும். பழைய வேகமே நீடித்தால், நடுத்தர விலைக் கருவி 2037ஆம் ஆண்டளவில் கண்ணின் எல்லையைத் தொடும் என்பது என் கணக்கு.

விலையுயர்ந்த கருவிகள் இப்போதே முந்திச் செல்கின்றன. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விசன் புரோ இரு கண்களுக்குமாக 2.3 கோடி புள்ளிகளைக் கொண்டது. 2025 அக்டோபரில் வந்த சாம்சங் கேலக்சி எக்ஸ்ஆர் கருவியில் ஒரு கண்ணுக்கு 3552 × 3840, அதாவது சுமார் 1.36 கோடி. அந்த வரிசைக்கு 2032 அளவிலேயே எல்லை எட்டக்கூடும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு கிணற்று நீரை ஒரு பாத்திக்குப் பாய்ச்சினால் நிறையும்; நான்கு பாத்திக்குத் திருப்பினால் ஒவ்வொன்றிலும் குறையும். புள்ளிகளும் அவ்வாறே. காட்சியை அகலமாக்கினால் தெளிவு குறையும். தெளிவைக் கூட்டினால் அகலம் குறையும். 2023இல் மெட்டா நிறுவனம் காட்டிய ஒரு சோதனைக் கருவி ஒரு பாகைக்கு 56 புள்ளிகளை எட்டியது. அதற்காக அது காட்சியின் அகலத்தைப் பாதியளவாகச் சுருக்க நேர்ந்தது. எனவே புதிய கருவியின் விளம்பரத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் கண்டு மயங்காமல், அது எத்தனை பாகைக்குப் பரவியுள்ளது என்றும் கேட்க வேண்டும்.

கண் நோக்கும் இடம்

இரு கண்களுக்கும் 7.2 கோடி புள்ளிகள். நொடிக்கு 90 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 648 கோடி புள்ளிகளைக் கணித்து வரைய வேண்டும். தலையில் மாட்டும் சிறு கருவியால் இது எளிதில் ஆகுமா?

இங்கே நம் கண்ணின் அமைப்பே உதவிக்கு வருகிறது. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிப்பகுதிதான் மிகக் கூர்மையாகக் காணும். அது காணும் பரப்பு சுமார் 2 பாகையே. இவ்வரியைப் படிக்கும்போது அடுத்த பக்கத்தின் எழுத்துகளை உங்களால் படிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். ஆகவே கண் எங்கே நோக்குகிறது என்பதை உள்ளிருக்கும் சிறு ஒளிப்படக் கருவிகளால் அறிந்து, அவ்விடத்தை மட்டும் தெளிவாக வரைந்தால் போதும். நோக்கும் இடத்தைச் சுற்றி 20 × 20 பாகைக்கு முழுத் தெளிவும், மற்ற இடங்களில் பாகைக்கு 15 புள்ளிகளும் கொடுத்தால், முன்னதற்கு 14.4 இலட்சம், பின்னதற்கு 22.5 இலட்சம், ஆக மொத்தம் ஒரு கண்ணுக்கு சுமார் 37 இலட்சமே கணக்கிட வேண்டும். 3.6 கோடி எங்கே, 37 இலட்சம் எங்கே! வேலை பத்தில் ஒரு பங்காகிறது.

விசன் புரோவிலும் கேலக்சி எக்ஸ்ஆரிலும் விழியின் நோக்கை அறியும் அமைப்பு உள்ளது. 2025 நவம்பரில் வால்வு நிறுவனம் அறிவித்த சுடீம் பிரேம் என்னும் கருவியோ, கணினியிலிருந்து காற்று வழியே படத்தை அனுப்பும்போதே, கண் நோக்கும் இடத்தை மட்டும் செறிவாக அனுப்புகிறது. வருங்காலத்தில் மலிவான கருவிகளிலும் இவ்வமைப்பு இடம்பெறும் என்று துணிந்து கூறலாம். ஏனெனில் இது ஆடம்பரம் அன்று, சிக்கனம். ஆயினும், ஒருவன் எதை எவ்வளவு நேரம் பார்த்தான் என்ற குறிப்பு அவன் மனத்தின் குறிப்பேயாகும். அது யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு வேண்டும்.

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று

கண்ணுக்கு மிக அருகிலுள்ள திரையை நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடையில் குவிவில்லை வேண்டும். முன்னைய கருவிகளில், கலங்கரை விளக்கத்துக்காகப் பிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த படிப்படியான வில்லை பயன்பட்டது. அது மெலிதாயினும், படிகளின் விளிம்புகளில் ஒளி சிதறும். திரைக்கும் வில்லைக்கும் இடையே இடைவெளியும் தேவை. ஆகையால்தான் பழைய கருவிகள் முகத்துக்கு முன்னே பெட்டி போல் துருத்தி நின்றன.

குவெசுட் மூன்றாம் கருவியில் உள்ள புதிய வில்லை, ஒளியைத் தன்னுள்ளே முன்னும் பின்னுமாய் மடித்து அனுப்புகிறது. இதனால் கருவி மெலிந்தது. இதற்கு உதவுவதும் நாம் திரைப்படக் கண்ணாடியில் கண்ட தளவிளைவே. ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பாதி ஊடுருவிப் பாதி எதிரொளிக்கும் பரப்பை ஒளி இருமுறை சந்திப்பதால், ஒவ்வொரு முறையும் பாதி போக, மிகச் சிறந்த நிலையிலும் நான்கில் ஒரு பங்கே கண்ணை அடையும். அதனை ஈடுசெய்யத் திரை அதிக ஒளியுடன் எரிய வேண்டும். எரிந்தால் வெப்பம் பெருகும். மின்கலம் விரைவில் தீரும். பெரிய மின்கலம் வைத்தால் எடை கூடும். வில்லையைத் தொட்டால் எடையில் போய் முடிகிறது!

எடைக் கணக்கைப் பாருங்கள். அதே மூன்று குவெசுட் கருவிகளின் எடை முறையே 571, 503, 515 கிராம். புள்ளிகள் இரு மடங்கான காலத்தில் எடை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆகவே நாளைய கருவியின் உண்மையான தடை புள்ளியன்று. எடையே என்பது என் துணிபு.

எடையைக் குறைக்க இயலாவிடில் அதன் இடத்தையாவது மாற்றலாம். முகத்துக்கு முன்னே தொங்கும் எடை கழுத்தை முன்னோக்கித் திருப்பும். காவடி சுமப்பவர் இரு பக்கமும் சுமையைப் பகிர்ந்து வைப்பது போல, மின்கலத்தைத் தலையின் பின்புறம் வைத்தால் திருப்புவிசை சமனாகும். சுடீம் பிரேம் இம்முறையையே கையாள்கிறது. அதன் மொத்த எடை 440 கிராம். விசன் புரோவும் கேலக்சி எக்ஸ்ஆரும் மின்கலத்தைக் கம்பியால் இணைத்துச் சட்டைப் பைக்கு இறக்கிவிட்டன. மூளையாகிய கணிப்பகுதியும் இனி அவ்வாறே பைக்கு இறங்கக்கூடும். தலையில் திரையும் வில்லையும் மட்டும் எஞ்சினால் 200 கிராமுக்குக் குறைவான கருவி எட்டாக்கனியன்று.

வெப்பத்தைப் பற்றி நம் பகுதிக்குத் தனியே ஒரு சொல். கோடையில் 40 பாகை செல்சியசு இங்குப் புதிதன்று. குளிரூட்டிய அறைக்குள் சோதித்த கருவி நம் வகுப்பறையில் அதே நேரம் உழைக்கும் என்று கொள்ள முடியாது. மேலும், இக்கருவியை வெயிலில் வில்லை மேல்நோக்கியிருக்க வைத்துவிடலாகாது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது போல, கதிரொளி குவிந்து உள்ளிருக்கும் திரையைக் கருக்கிவிடும்.

கிறுகிறுப்பு ஏன்?

கண்காட்சியில் எனக்கு வந்த கிறுகிறுப்புக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, காலத்தாழ்வு. தலையை நொடிக்கு 100 பாகை வேகத்தில் திருப்புவதாகக் கொள்வோம். காட்சி 20 மில்லி நொடி தாமதித்தால் படம் 2 பாகை பிந்தும். முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான். அப்படியானால் நான்கு நிலவின் அகலத்துக்குப் படம் வழுவி நிற்கும். காதினுள் உள்ள சமநிலை உறுப்பு ‘திரும்பிவிட்டாய்’ என்கிறது. கண் ‘இன்னும் இல்லை’ என்கிறது. இவ்விருவர் வழக்கில் வயிறு கலங்குகிறது. இக்குறை வேகமாக நீங்கி வருகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உட்புறம் திரும்புகின்றன. அதே வேளையில் கண்ணினுள் உள்ள வில்லையும் தடிக்கிறது. இதனையே நாம் விழி ஏற்பமைவு என்று படித்தோம். மெய்நிகர்க் கருவியிலோ, மீன் மூக்கருகே வருவது போலத் தோன்றினாலும், ஒளி எப்போதும் ஒரே தொலைவிலிருந்து, சுமார் ஒன்றிரண்டு மீட்டரிலிருந்து, வருவது போலவே கண்ணை அடைகிறது. கண்கள் திரும்புகின்றன, வில்லையோ தடிக்கக் கூடாது. வாழ்நாள் முழுதும் இணைந்து உழைத்த இரு செயல்களைப் பிரித்தால் கண் களைக்காதா?

எத்தனை கோடிப் புள்ளிகள் சேர்த்தாலும் இக்குறை தீராது. திரையோ வில்லையோ நகர்ந்து, குவியத் தொலைவு மாறினால்தான் தீரும். 2018 முதல் மெட்டாவின் ஆய்வுக்கூடம் அத்தகைய மாதிரிகளைக் காட்டி வருகிறது. ஆயினும் மேற்கூறிய கடைக்கருவிகள் எதிலும் அது இடம்பெறவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் வரத்தக்க மாற்றங்களுள் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால் இதனையே சொல்வேன்.

விலை என்னும் படி

விசன் புரோவின் தொடக்க விலை 3,499 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் ரூபாய். கேலக்சி எக்ஸ்ஆர் 1,799 டாலர். 2024இல் வந்த குவெசுட் 3எஸ் 299 டாலர். அது பழைய பிரெனல் வில்லையையே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்தது. நம் நாட்டில் 2023இல் ஜியோ நிறுவனம் கைபேசியைச் செருகிப் பார்க்கும் கருவியை 1,299 ரூபாய்க்கு விற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் எக்ஸ்டிக் என்னும் மையம் மெய்நிகர்த் தொழில்நுட்பத்துக்கென்றே இயங்குகிறது. தொடுவுணர்வைக் கருவி வழியே தரும் ஆய்வும் அங்கே நடைபெறுகிறது.

நம் போன்ற அரசுக் கல்லூரிக்கு மூன்று இலட்ச ரூபாய்க் கருவி ஒன்றைவிட, பத்தாயிரம் ரூபாய்க் கருவிகள் முப்பதே மேல். தமிழில் பேசும் கருவியாகவும், இணைய இணைப்பு அறுந்தாலும் இயங்கும் கருவியாகவும், மூக்குக் கண்ணாடியோடு அணியத்தக்க கருவியாகவும் அது இருத்தல் வேண்டும். இவை விளம்பரத்தில் முதலிடம் பெறாத மேம்பாடுகள். எனினும் நமக்கு இவையே முதன்மையானவை.

கல்லமேடு சொல்லும் பாடம்

இனி என் இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். இக்கருவிகள் நிறைவு பெறும் நாளில் அவற்றினுள் எதைக் காட்டப் போகிறோம்?

நம் மாவட்டங்களின் நிலவளம் உலகறிந்தது. காரையிலும் சுற்றுப்புறத்திலும் கடல்வாழ் உயிரினங்களின் தொல்லுயிர் எச்சங்கள் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கின்றன. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940இல் புவியியலறிஞர் எம். எஸ். கிருட்டிணன் அதனை உலகறியச் செய்தார். இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் காவலில் வேலிக்குள் உள்ளது. வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகமும் உண்டு. இவை காக்கப்பட்டவை. காக்கப்படாதது ஒன்று உண்டு.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில், மாபெரும் எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு அறிஞர்களும் 1987ஆம் ஆண்டுக்குரிய ஆய்விதழில் அவ்விலங்குக்குப் பிருகத்காயோசாரசு என்று பெயரிட்டனர். பேருடல் படைத்தது என்பது அதன் பொருள். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம்! உலகில் வாழ்ந்த தரைவிலங்குகளில் இதுவே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று பின்னர்ப் பேசப்பட்டது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. எளிதில் நொறுங்கும் தன்மையனவாகையால், எடுத்த பிறகு உதிர்ந்து அழிந்துபோயின. எஞ்சியவை சில அளவுகளும் கோட்டோவியங்களுமே. அதன் விளைவைப் பாருங்கள். முதலில் அது ஊன் உண்ணும் விலங்கு என்று கருதப்பட்டது. பின்னர் வந்தோர் அது நெடுங்கழுத்துடைய தாவர உண்ணி என்றனர். எலும்பே அன்று, கல்மரத் துண்டாக இருக்கலாம் என்று ஐயுற்றோரும் உண்டு. நேரில் எடுத்துப் பார்த்துத் தீர்க்க எலும்பு இல்லை. ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து, 2022இல், அகழ்ந்த காலத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்கள் வெளியிடப்பட்டன. அவையே அது தாவர உண்ணியின் எலும்புதான் என்பதற்குச் சான்றாக முன்வந்தன. அகழ்ந்த அன்று யாரோ ஒருவர் எடுத்து வைத்த சில படங்கள், எலும்பே மறைந்த பின் எலும்புக்காக வாதாடின!

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றுதான். கருவி பிந்தி வரலாம். பதிவு பிந்தக் கூடாது. 1987இல் இத்தகைய கருவி ஏதும் கல்லமேட்டில் இல்லை. ஆயினும் அந்த எலும்பைச் சுற்றி நாற்புறமும் நூறு படங்கள் எடுத்திருந்தால், இன்றைய கணினி அவற்றிலிருந்து அதன் முழு உருவத்தை மீட்டிருக்கும். நாம் அதனைச் சுற்றி நடந்து பார்த்திருப்போம். 2037இன் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், பதிவு செய்யாத எலும்பைக் காட்டாது.

நாம் செய்யத்தக்கது

ஒரு பொருளைச் சுற்றிவந்து பல கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, அதன் முப்பரிமாண உருவைக் கணினியால் அமைக்கலாம். இது வீட்சுடன் இரு கண்களுக்குச் சொன்ன கொள்கையை நூறு கண்களுக்கு விரிப்பதே. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நம் கையிலுள்ள கைபேசி போதும். விதிகள் சிலவே. அடுத்தடுத்த படங்களில் மூன்றில் இரண்டு பங்காவது பொதுவாக இருக்க வேண்டும். நிழல் கடுமையாக விழாத காலை வேளையோ மேகமூட்டமோ ஏற்றது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க வேண்டும். இல்லையேல் நத்தையும் யானையும் ஒரே அளவாகிவிடும். இடம், நாள், மண்ணடுக்கின் நிறம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். கைபேசி தரும் உச்சத் தெளிவிலேயே எடுத்து, சுருக்காமல் காக்க வேண்டும். இன்றைய கருவிக்கு அது மிகை; நாளைய கருவிக்கு அதுவே உணவு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். படம் எடுக்கலாம், கல்லை எடுக்கலாகாது. தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த தொல்லுயிர் எச்சம் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் உரிய ஒப்புதலும் பேராசிரியரின் துணையும் இன்றிச் செல்லுதலும் கூடாது. சுண்ணாம்புக்கல்லால் நம் பகுதிக்குச் சிமெண்டுத் தொழிலும் வேலையும் வந்தன, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் வெட்டிய அடுக்கு மீண்டும் வளராது. வெட்டும் முன் ஒரு நாள் படமெடுக்க இசைவு கேட்பது பெரிய வேண்டுகோள் அன்று.

முடிவுரை

மெய்நிகர்க் கருவியின் புள்ளிகள் பெருகும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கண்ணின் எல்லையை நெருங்கும். நோக்கும் இடத்தை அறியும் அமைப்பு எல்லாக் கருவிகளிலும் பரவும். எடை மெல்லக் குறையும். குவியத் தொலைவு மாறும் வில்லை கடைசியாக வரும். இவை என் ஊகங்கள். தவறினால் பின்வரும் மாணவர்கள் இவ்விதழிலேயே திருத்தி எழுதட்டும்.

ஆனால் ஊகம் அல்லாதது ஒன்று உண்டு. ஒரு நாள் காரையின் செம்மண் மேட்டில் ஒரு மாணவி இலேசான கண்ணாடி ஒன்றை அணிந்து நிற்பாள். எதிரேயுள்ள வறண்ட ஓடைகளின் மேல் பழங்கடல் எழுந்து அலையடிக்கும். அப்போது அவள் குனிந்து, காலடியில் கிடக்கும் ஒரு சிப்பியின் உண்மை வடிவத்தைக் கேட்பாள். அதனைக் கொடுப்பதும் கொடாமல் விடுவதும் அக்கருவியைச் செய்தவர் கையில் இல்லை. இன்று கைபேசியோடு இந்நிலத்தில் நடக்கும் நம் கையில்தான் உள்ளது. கல்லமேட்டில் ஒரு முறை இழந்தோம், மறுமுறை இழவாதிருப்போமாக.